மெட்ராஸுக்குப் போனவர்களின் குழிகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில், வெயில் ஏறுவதற்கு முன், ஒரு கும்பலை இழுத்துக்கொண்டு பாரிமுனையில் நடக்கிற பெண்ணை நீங்கள் பார்த்திருக்கலாம். கையில் குடை, கட்டிப்போன தொண்டை. அது நான்தான். சென்னையின் பழைய கதையைச் சொல்லிப் பிழைக்கிறேன். அந்தக் கும்பலில் வந்த யாரோ ஒருவர் சொல்லி, இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவை ஹோட்டலாக மாற்றிய கம்பெனி என்னைக் கூப்பிட்டது. விருந்தாளிகள் நடந்து பார்க்க ஒரு பாதை, பாதையில் ஆங்காங்கே பலகைகள், பலகைகளில் வரலாறு. அந்த வரலாற்றை நான் எழுதித் தர வேண்டும். தேயிலைக்கும் உனக்கும் என்ன சம்பந்தம் என்று என் தம்பி கேட்டான். சம்பந்தம் இல்லாமலா மதராஸ் மாகாணத்திலிருந்து அத்தனை பேரைக் கப்பலேற்றினார்கள் என்று கேட்டுவிட்டுப் பெட்டியைக் கட்டினேன்.

கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் கோட்டையைக் காணோம். எங்கள் ஊரில் கோட்டையும் உண்டு, கோட்டை ரயில் நிலையமும் உண்டு. அந்த மட்டும் நாங்கள் தேவலை என்று நினைத்துக்கொண்டு ஏறினேன். நாவலப்பிட்டி தாண்டியதும் ரயில் நின்றுவிட்டது. முன்னால் தண்டவாளத்தில் மண் சரிந்திருக்கிறதாம். யாரும் பதறவில்லை. பாதிப் பேர் இறங்கிப் போய்ச் சோம்பல் முறித்தார்கள். ஒருவர் கூடையில் இறால் வடை கொண்டுவந்தார். பருப்பு வடையின் முதுகில் ஒரு முழு இறால் ஒட்டிக்கொண்டிருந்தது. சென்னையில் இதை விற்றால் முதலில் சண்டை வரும், பிறகு வரிசை நிற்கும்.

எதிரே ஒரு சிங்களத் தம்பதி. அந்த அம்மாள் என் காலைப் பார்த்துக் கணவரிடம் மெதுவாக ஏதோ சொன்னார். பக்கத்திலிருந்த கல்லூரிப் பெண்ணுக்கு இரண்டு மொழியும் தெரியும். சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தாள். "இந்தச் செருப்போட மலைக்குப் போறாங்களே, இந்தியாவுல மழையே பெய்யாதான்னு கேக்குறாங்க." எங்கள் ஊரில் மழை பெய்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நீந்துவோம் என்று சொல்லச் சொன்னேன். அவள் சொன்னாள். அந்த அம்மாள் நெடுநேரம் சிரித்துவிட்டு ஒரு வாழைப்பழம் கொடுத்தார்.

ஹட்டனில் இறங்கும்போது மழை. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஜமால் நானாவின் சாப்பாட்டுக் கடை. அங்கே முஸ்லிம் பெரியவர்களை நானா என்றுதான் கூப்பிடுகிறார்கள், அண்ணன் என்று பொருள். கொத்துரொட்டி அடிக்கிற சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"மெட்ராஸா? எந்தப் பக்கம்?"

"ராயபுரம்."

"அட, மண்ணடிக்குக் கிட்ட. வருசத்துக்கு ரெண்டு தடவ நான் வாரேன், உடுப்புச் சாமான் எடுக்க."

மண்ணடியில் எந்த லாட்ஜில் மூட்டைப்பூச்சி இல்லை, எந்தச் சந்தில் பாயா காலையிலேயே தீர்ந்துவிடும், எந்த முட்டுச்சந்தில் வண்டி திரும்பாது, எல்லாம் சொன்னார். என்னோடு நடக்க வருகிற அடையாறுக்காரர்கள் அந்தத் தெருக்களில் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடப்பார்கள். வெள்ளைக்காரன் அந்த இடத்துக்குக் கறுப்பர் நகரம் என்று பெயர் வைத்திருந்தான். பெயரை மாற்றி நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, பயம் மட்டும் போகவில்லை. ஹட்டன்காரர் ஒருவர் அதைத் தன் ஊர் மாதிரி பேசியது எனக்குப் பிடித்திருந்தது.

நான் போகிற தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் அவர் குரல் இறங்கியது.

"அங்கயா? அங்க இப்ப கொஞ்சம் பிரச்சின. பெக்கோ வந்து நிக்கிது. போனா ஸ்டெல்லா டீச்சரப் பாருங்க, அவங்க சொல்லுவாங்க."

பெக்கோ என்றால் மண் தோண்டுகிற இயந்திரம். நம் ஊரில் ஜேசிபி என்போம்.

மறுநாள் தலவாக்கலை வழியாக லிந்துலைக்கு பஸ். ஓட்டுநர் வளைவுகளை எடுத்த வேகத்தில் எனக்குத் தெரிந்த சாமிகளின் பெயர்கள் எல்லாம் ஞாபகம் வந்தன. நடுவழியில் ஒரு தோட்டத்துக்காரர் லீக்ஸ் கட்டு ஒன்றை ஏற்றி, கேட்காமலேயே என் மடியில் வைத்தார். இறங்கும்போது நன்றியும் சொல்லவில்லை. மடியில் இடம் இருந்தால் அது பொது இடம் என்பது அந்த பஸ்ஸின் சட்டம். எங்கள் ஊர்ப் பழைய பஸ்களிலும் அந்தச் சட்டம் இருந்தது.

தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். பங்களா அழகாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். வெள்ளைச் சுவர், கணப்பு அடுப்பு, சுவர் முழுக்கத் தொப்பி போட்ட துரைமார்களின் படங்கள். போர்ட்டிகோவின் இரண்டு பக்கமும் புது மண்தொட்டிகளில் குரோட்டன் செடிகள். சிவப்பு, மஞ்சள், கரும்பச்சை, சுருட்டை இலை, நீள இலை. ஒன்று மாதிரி ஒன்று இல்லை. மேனேஜர் நிரோஷன் கொழும்பில் வளர்ந்த தமிழ்ப் பையன், பணிவானவன். செடிகள் ரொம்ப நன்றாக இருக்கின்றன என்றேன்.

"எல்லாம் இங்கயே கிடைச்சது மேடம். கீழ ஒரு காட்டுல சும்மா கிடந்துச்சு. கார்டனர் எடுத்துட்டு வந்தார்."

சாயங்காலம் மெல்லிய பீங்கான் கோப்பையில் தேநீர் வந்தது. அவ்வளவு நல்ல தேநீரை நான் குடித்ததில்லை.

அடுத்த நாள் காலை நிரோஷன் பாதையைக் காட்டினான். துரை குதிரை கட்டிய இடம், துரை டென்னிஸ் ஆடிய இடம், துரையின் மனைவி ரோஜா வைத்த இடம். எல்லாவற்றுக்கும் பலகை உண்டு. கடைசியில் ஓடைக்கு மேலே ஒரு சரிவு. குச்சிகள் அடித்து சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். இங்கே கூடாரங்கள் வரும், வண்டி நிறுத்துமிடம் வரும், இங்கிருந்து பார்த்தால் நீர்வீழ்ச்சி தெரியும் என்றான். சரிவின் நடுவில் நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒரு முதியவர் குடைபிடித்து உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்தார், அசையவில்லை.

"அவர் தினமும் வருவார் மேடம். கண்டுக்காதீங்க," என்று சொல்லி நிரோஷன் என்னை வேறு பக்கம் கூட்டிப் போனான்.

கண்டுகொள்ளாதே என்று யாராவது சொன்னால் அங்கேதான் போவது என் வழக்கம். சாப்பிட்டதும் தனியாக இறங்கினேன். கிட்டே போனபோதுதான் தரையைப் பார்த்தேன். சரிவு முழுக்கச் சின்னச் சின்னப் பள்ளங்கள், செடியை வேரோடு பெயர்த்த பள்ளங்கள். மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது.

"பாத்து வாம்மா. அது சின்னப்பொண்ணு. அதுக்கு அங்கிட்டு அவ புருசன்," என்றார் முதியவர்.

எனக்குப் புரியவில்லை. எங்கே என்று கேட்டேன்.

"உன் காலுக்குக் கீழதான்."

அவர் பெயர் அந்தோணிமுத்து. ஒரு காலத்தில் கொழுந்து பறிக்கிற ஒரு கும்பலுக்குக் கங்காணியாக இருந்தவர். மனைவி போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. நாற்காலி போட்டிருந்த இடம் நாளைக்கு அவருக்கென்று வைத்திருந்தது, பக்கத்தில் இருந்த பள்ளம் மனைவியுடையது. இந்தத் தோட்டத்தில் யார் செத்தாலும், இந்துவோ, வேதக்காரர் என்கிற கிறிஸ்தவரோ, இந்தச் சரிவில்தான் புதைப்பார்கள். கல் வைக்க யாருக்கும் வசதியில்லை. கல்லுக்குப் பதில் தலைமாட்டில் ஒரு குரோட்டன். வீட்டுக்கு ஒரு நிறம், ஒரு இலை. ஒருத்தர் வைத்த நிறத்தைப் பக்கத்துக் குழிக்காரர் வைக்க மாட்டார்.

"துரைமாருக்குக் கல்லு இருக்கு, டவுன் சர்ச்சுல. நல்ல கல்லு. எங்களுக்கு எல. அதையும் புடுங்கித் தொட்டியில வச்சிட்டானுக."

நேற்று போர்ட்டிகோவில் நின்று அழகு பார்த்தது ஞாபகம் வந்தது. உடம்பு கூசியது. பிறகு கோபம் வந்தது. நல்ல கோபம். சென்னையில் அடிக்கடி வருவது, எனக்குப் பழக்கமானது.

அவருடைய மகள்தான் ஸ்டெல்லா டீச்சர். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். முப்பத்தைந்து வயது இருக்கும். பள்ளி விட்டதும் அப்பாவை நாற்காலியோடு வீட்டுக்குக் கூட்டிப்போக வந்தவள், என்னையும் கூட்டிப் போனாள். வீடு என்பது லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு காம்பரா, ஒரே அறை, முன்னால் இழுத்துக் கட்டிய ஒரு சமையலறை. கோதுமை ரொட்டியும் கட்டச் சம்பலும் வைத்தாள். சம்பலின் காரத்தில் கண்ணில் நீர் வந்தது. பிளேன்டீயை உள்ளங்கையில் சீனி வைத்து நக்கிக்கொண்டே குடித்தோம். பங்களாவில் குடித்த தேயிலை இல்லை இது. அந்தத் தேயிலை இவர்கள் பறிப்பது, இவர்கள் குடிப்பது கழித்துக்கட்டிய தூள்.

"என்னா சொல்றாங்கன்னா அக்கா," என்று ஸ்டெல்லா விளக்கினாள். "கல்லறைத் திருநாள் வரைக்கும், நாளன்னைக்கு வரைக்கும்தான், டைம் குடுத்திருக்காங்க. அதுக்குள்ள அவங்கவங்க குழிய அவங்கவங்க வந்து காட்டணுமாம். சொந்தக்காரங்க காட்டுற குழிய விட்டுருவாங்களாம். ஆளில்லாத குழியெல்லாம் மட்டம் பண்ணிருவாங்களாம்."

"செடியைப் பிடுங்கிவிட்டு எப்படிக் காட்டச் சொல்கிறார்கள்?"

"அதத்தான் நானும் கேட்டேன். தெரியாம புடுங்கிட்டோம்னு சொல்றாங்க. இருக்கும், தெரியாமத்தான் புடுங்கியிருப்பாங்க. ஆனா தெரிஞ்ச பெறகும் திருப்பித் தரலயே."

இன்னொரு சிக்கலும் இருந்தது. ரோட்டோரமாக இருக்கிற முதல் வரிசை. அந்தப் பக்கம்தான் சரிவு குறைவு, பெக்கோ இறங்கினால் அங்கேதான் இறங்க முடியும். அந்த வரிசையில் இருக்கிறவர்களின் பிள்ளைகள் எல்லாரும், இரண்டு அரசாங்கமும் தோட்டத்து ஆட்களைப் பங்கு போட்டுக்கொண்ட ஒப்பந்தக் காலத்தில், இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். போகும்போது தங்கள் குழிகளை ஸ்டெல்லாவின் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்களாம். ஆட்டையும் கோழியையும் பக்கத்து வீட்டில் விட்டுப் போகிற மாதிரி, பார்த்துக்கொள்ளுங்கள், வந்துவிடுவோம் என்று. அம்மா வருடா வருடம் புல் வெட்டி மெழுகுவத்தி ஏற்றினாள். அம்மாவுக்குப் பிறகு ஸ்டெல்லா.

"அந்த வரிச போச்சுன்னா பாதை தெறந்துரும். பெறகு மத்த குழியெல்லாம் எத்தன நாளைக்கு நிக்கும்?" என்றாள்.

"நான் உசுரோட ஒக்காந்திருக்கிற வரைக்கும் நிக்கும்," என்றார் அந்தோணிமுத்து. பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ மெட்ராஸ் கத சொல்றவளாமே. சொல்லு பாப்பம். அங்க எப்புடி?"

சொன்னேன். கடலோரத்தில் ஒரு மணல் திட்டு வாங்கி வெள்ளைக்காரன் கோட்டை கட்டினான். கோட்டைக்குள் அவன். மதிலுக்கு வெளியே, அவனுக்குத் துணி நெய்யவும் மூட்டை தூக்கவும் வந்த நம் ஆட்கள். அதுதான் பழைய கறுப்பர் நகரம். வீடு, கோயில், கடைத்தெரு எல்லாம் இருந்தது. பிரெஞ்சுக்காரன் வந்து கோட்டையை முற்றுகையிட்டபோது அந்த வீடுகளில் மறைந்துகொண்டு சுட்டான். அவன் போனதும் வெள்ளைக்காரன் செய்த முதல் வேலை, மதிலை ஒட்டி மிச்சமிருந்த வீட்டையெல்லாம் இடித்து மைதானமாக்கியது. பீரங்கி சுட வசதியாக இருக்க வேண்டுமாம். ஜனங்களை வடக்கே தள்ளினான். இதற்கு இப்பால் வீடு கட்டக்கூடாது என்று எல்லைக்கல் நட்டான். அதில் ஒரு கல் இன்னும் பாரிமுனையில் நிற்கிறது. இடித்த ஊரின் மேல்தான் பிறகு ஹைகோர்ட்டைக் கட்டினார்கள்.

"அப்ப பீரங்கிக்கு வழி விடச் சொன்னான். இப்ப காருக்கு," என்றார் அந்தோணிமுத்து.

அதோடு நிற்கவில்லை என்றேன். துறைமுகம் வந்தது, மீனவக் குப்பங்கள் நகர்ந்தன. மில் வந்தது, மில்லைச் சுற்றிக் குடிசைகள் வந்தன. சுதந்திரம் வந்தது, ஊருக்குப் பெயர் மாறியது. கால்வாய்க் கரையில் இருந்தவர்களைத் தூக்கி ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் போடுவது மட்டும் மாறவில்லை. அவர்களில் இந்த மலையிலிருந்து போனவர்களும் உண்டு. என் வகுப்பில் ஒருத்தி இருந்தாள், சிலோன்காரி என்று கூப்பிடுவார்கள். பேச்சு எங்கள் பேச்சு மாதிரியேதான் இருக்கும், குளிருக்குப் பயப்பட மாட்டாள். ஒரு நாள் அவள் தெருவே இல்லை. எங்கே கொண்டுபோனார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஸ்டெல்லா காலிக் கோப்பைகளை எடுத்து அடுக்கினாள். "இங்க நாங்க என்னா நெனச்சுக்கிட்டு இருந்தோம் தெரியுமாக்கா? மெட்ராஸுக்குப் போனவங்கல்லாம் நல்லா இருக்காங்கன்னு."

அடுத்த நாள் நிரோஷன் முகம் மலர்ந்து வந்தான். அவனுக்கும் அந்தச் செடிகள் உறுத்தியிருக்க வேண்டும், அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். பங்களா வாசலில் பெரிய கருங்கல் ஒன்று வைப்பார்கள். இந்த மண்ணில் உழைத்து மடிந்த தொழிலாளர்களின் நினைவாக, மூன்று மொழியிலும். ஹெட் ஆபீஸ் சம்மதித்துவிட்டது. வாசகத்தை நான் எழுதித் தர வேண்டும்.

"இங்கே கல், அங்கே வண்டி நிறுத்துமிடம். அப்படித்தானே?"

"ரெஸ்பெக்டா செய்வோம் மேடம்."

அவனை உட்காரவைத்து எங்கள் கோட்டைக்குள் இருக்கிற தேவாலயத்தைப் பற்றிச் சொன்னேன். அதன் முற்றம் முழுக்கக் கல்லறைக் கற்கள். ஒன்றோடு ஒன்று ஒட்டிப் படுக்க வைத்துத் தளம் மாதிரி போட்டிருக்கிறார்கள். சுற்றுலா வருகிறவர்கள் மேலே நடந்து போவார்கள். ஆனால் அவற்றின் கீழே அந்தப் பெயர்க்காரர்கள் இல்லை. அவர்களைப் புதைத்தது பழைய கறுப்பர் நகரத்துப் பக்கம். எதிரி அந்தச் சமாதிகளுக்குப் பின்னால் ஒளிந்தான் என்று, சொந்த ஆட்களின் சமாதிகளையே பெயர்த்து, கல்லை மட்டும் கோட்டைக்குள் கொண்டுவந்தார்கள். இன்னொரு யுத்தத்தில் அந்தக் கற்களையே பீரங்கி தூக்கி நிறுத்தவும் பயன்படுத்தினார்கள். கும்பலுக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் யாராவது கேட்பார்கள், அப்போது செத்தவர்கள் எங்கே என்று. எனக்குப் பதில் தெரியாது. இங்கே அப்படி ஒரு கேள்வியை உண்டாக்க நான் வாசகம் எழுத மாட்டேன். துரையின் குதிரைக்கும் எழுத மாட்டேன்.

"மேடம், இது உங்க ஊர் விஷயம் இல்ல," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சினான். அவன் வேலையும் இதில் தொங்கிக்கொண்டிருந்தது.

வாங்கிய முன்பணத்தைத் திருப்பிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். வீராப்பாக இறங்கினேனே தவிர, பெட்டியின் சக்கரம் தேயிலை மலைப் பாதைக்குச் செய்தது அல்ல. முதல் வளைவிலேயே ஒன்று கழன்று ஓரத்து வடிகாலுக்குள் போய்விட்டது. கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்துகொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, எதுவும் கேட்காமல் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். "டீச்சர் வீட்டுக்குத்தானே?" என்றாள். நான் புறப்பட்ட செய்தி எனக்கு முன்னால் லயத்துக்குப் போயிருந்தது.

அன்று சாயங்காலம் லயத்து வாசலில் கூட்டம். பேச்சு நீண்டது. மனு கொடுக்கலாம் என்றார் ஒருவர். தொழிற்சங்கத்தில் சொல்லலாம் என்றார் இன்னொருவர். எல்லாம் முன்பே செய்தாயிற்று, பதில்தான் வரவில்லை. கடைசியில் பெட்டியைத் தூக்கி வந்தவள், காமாட்சி என்று பெயர், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"நம்ம ஆளுக அங்க போர்ட்டிகோவுல குளிருல நிக்கிறாங்க. நாளைக்குத் திருநாளு. போயிக் கூட்டிக்கிட்டு வர வேண்டியதுதானே. இதுக்கு எவன்கிட்ட கேக்கணும்?"

யாரும் சிரிக்கவில்லை. செடிகளை அவர்கள் ஆட்களாகத்தான் பேசுகிறார்கள் என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன்.

மறுநாள் கல்லறைத் திருநாள். பாதர் டவுனிலிருந்து மத்தியானம்தான் வருவார். காலையிலேயே பெண்கள் கிளம்பிவிட்டார்கள். தீபாவளிக்கு எடுத்த சேலையைச் சிலர் கட்டியிருந்தார்கள். பொட்டு வைத்தவர்களும் ஜெபமாலை போட்டவர்களும் ஒன்றாகவே நடந்தார்கள். கோஷம் இல்லை, கொடி இல்லை. பங்களாவின் இரும்புக் கேட்டைக் காவலாளி சாத்தப் போனார். அவரும் இந்தத் தோட்டத்துக்காரர்தான். முன்வரிசையில் தன் சித்தி வருவதைப் பார்த்துக் கேட்டை விட்டுவிட்டார்.

போர்ட்டிகோவில் சில வெள்ளைக்காரர்கள் காலைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்கள் தொட்டிகளைச் சுற்றி வந்து, குனிந்து, இலையைப் புரட்டிப் பார்த்தார்கள்.

"இந்தா, எங்க மாமியா. சுருட்ட எல. உசுரோட இருக்கும்போதும் இப்புடித்தான் சுருண்டுக்கிட்டு இருக்கும்."

"எங்கப்பா எங்க? ஆடு கடிச்ச கொம்பு இருக்கும்."

"ஒங்கப்பா அந்தத் தூணுக்கிட்ட. நல்லா எடம் புடிச்சு நிக்கிறாரு."

அடையாளம் கண்டதும் தொட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவரவர் நடையைக் கட்டினார்கள். நிரோஷன் படியில் நின்று போனில் யாரிடமோ பேசிக்கொண்டே இருந்தான். தொட்டி கம்பெனியுடையது என்று ஒரு தரம் சொன்னான். "தொட்டிய நாளைக்குக் கழுவித் தந்துர்றோம் தம்பி," என்றாள் காமாட்சி. ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண்மணி ஸ்டெல்லாவிடம் என்ன நடக்கிறது என்று கேட்டார். ஸ்டெல்லா இங்கிலீஷில் சொன்னாள். அந்த அம்மாள் தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்து, தூக்க ஆளில்லாமல் நின்ற ஒரு தொட்டியைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு எங்களோடு வந்தார்.

எந்தச் செடி எந்தப் பள்ளத்துக்கு என்பதில் எனக்கு இருந்த சந்தேகம் அங்கே யாருக்கும் இல்லை. எங்கம்மாவுக்குக் கால்மாட்டில் உங்கள் தாத்தா, தாத்தாவுக்கு இடதுகைப் பக்கம் ராக்கம்மா, அவளுக்கும் ஓடைக்கும் நடுவில் இரட்டைப் பிள்ளைகள். உயிரோடு இருக்கிற தெருவை அளப்பது போலவே அளந்தார்கள். ஒரு இடத்தில் மட்டும் இரண்டு குடும்பத்துக்குள் வாக்குவாதம் வந்தது. அந்தோணிமுத்து நாற்காலியில் இருந்தபடியே தீர்த்துவைத்தார். தன் மனைவியின் மஞ்சள் குரோட்டனை அவரே நட்டார். எழுந்திருக்க முடியாமல் கொஞ்ச நேரம் மண்ணில் அப்படியே உட்கார்ந்திருந்தார். யாரும் தூக்கிவிடப் போகவில்லை.

ரோட்டில் பெக்கோ வந்து நின்றது. அதன் ஓட்டுநர் ஒரு சிங்கள இளைஞர். இயந்திரத்தை அணைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். போனில் யாரோ கத்தினார்கள். அவர் அமைதியாக ஏதோ பதில் சொன்னார். என்ன சொல்கிறார் என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன்.

"தன் வீட்டிலயும் அம்மா போயி வருசம் திரும்பலயாம். வேற ஆளப் பாத்துக்கங்கன்னு சொல்றாரு."

வேறு ஆள் கிடைக்காமல் போகப் போவதில்லை. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கடைசியில் விரல்விட்டு எண்ணுகிற அளவு தொட்டிகள் மிஞ்சின. முதல் வரிசைக்காரர்கள். அந்த நேரத்தில்தான் நிரோஷன் இறங்கி வந்தான், கையில் போனைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டே. ஹெட் ஆபீஸ் கேட்டிருக்கிறது.

"டீச்சர், உள்ள இருக்கிற குழி எல்லாத்துக்கும் ஆள் வந்திருக்காங்க. அத நான் சொல்லிட்டேன், அதத் தொட மாட்டாங்க. இந்த வரிசைக்கு யாரு?"

"நாங்கதான் பாத்துக்கிறோம். எங்கம்மா காலத்துல இருந்து."

"நீங்க சொந்தக்காரங்க இல்லயே டீச்சர். சொந்தக்காரங்கன்னு தெளிவா சொல்லியிருக்கு. இவங்கல்லாம் எங்க?"

"மெட்ராஸுக்குப் போனாங்க," என்றாள் ஸ்டெல்லா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் மட்டும் இல்லை, காமாட்சி பார்த்தாள், நாற்காலிக்குத் திரும்பியிருந்த அந்தோணிமுத்து பார்த்தார்.

என் குடும்பத்தில் யாரும் இந்த மலையை மிதித்ததில்லை. என் அப்பாவைப் புதைத்த குழியில் கார்ப்பரேஷன் இந்நேரம் வேறு யாரையோ புதைத்திருக்கும். போய்க் காட்டு என்றால் என்னால் காட்ட முடியாது. இதையெல்லாம் அந்த இடத்தில் நின்று யோசித்தேன் என்று சொன்னால் பொய். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு தொட்டியைத் தூக்கினேன். நினைத்ததைவிடக் கனம். ரோட்டோரத்து முதல் பள்ளத்தில் மண்டியிட்டு, தண்ணீரைக் கையால் அள்ளி வெளியே ஊற்றினேன். ஸ்டெல்லா செடியைத் தொட்டியிலிருந்து வேர் உடையாமல் உருவித் தந்தாள்.

நிரோஷன் போனைத் தாழ்த்தாமல் என் பக்கம் வந்தான்.

"மேடம், நீங்க யாரு இவங்களுக்கு?"

"மெட்ராஸிலிருந்து வந்திருக்கிற சொந்தக்காரி. நன்றாகப் படம் எடுத்துக்கொள்."

"பேர் என்ன, இங்க இருக்கிறவருக்கு?"

"தெரியாது," என்றேன். "எங்கள் ஆள். அடுத்தவரைக் கொண்டு வா, காமாட்சி."